செவ்வந்தியின் ஆல்பா

ஆமாம், அந்த நினைவஞ்சலி விளம்பரமேதான். ராமநாதபுரம் லோக்கல் கேபிளில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடியதே, குத்துவிளக்கைப் பார்த்தபடி ஒரு பெண்முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகுமே, அதைச் செய்தவள் அங்கே ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் முருகேஸ்வரி.

வேலை பெரிதொன்றும் இல்லை. அனிமேஷன் சாஃப்ட்வேரில் முதல் ஃபிரேமில் முகத்தின் ஆல்பாவை, அதாவது முகம் எவ்வளவு அடர்த்தியாகத் தெரிய வேண்டும் என்ற அளவை, நூறு என்று வைக்க வேண்டும். கடைசி ஃபிரேமில் பூஜ்யம். நடுவில் உள்ளதைக் கம்ப்யூட்டரே நிரப்பிக்கொள்ளும். முகம் மெல்லக் கண்ணாடியாகி, பின்னாலிருக்கும் விளக்கு வெளிச்சம் தெரியும்.

தப்பு அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது. திருப்புல்லாணிப் பக்கத்து விவசாயி சின்னச்சாமி கொண்டுவந்த படத்தில் அவருடைய மகள்கள் இருவரும் ஒரே சாயலில், ஒரே மாதிரிச் சேலையில் நின்றார்கள். இடப்பக்கம் நிற்பவள்தான் போன வருசம் ஊருணியில் விழுந்து செத்த பூமயில் என்று சொல்லிவிட்டுப் போனார். முகம் விளக்கைப் பார்க்க வேண்டுமே என்று முருகேஸ்வரி படத்தை இடவலமாகத் திருப்பினாள். திருப்பியதை மறந்து, இடப்பக்கம் இருந்த முகத்தையே வெட்டி எடுத்தாள்.

அது உயிரோடிருக்கும் தங்கச்சி செவ்வந்தி.

விளம்பரம் ஓடிய மறுநாள் பகல். கரண்ட் போய் யு.பி.எஸ். கத்திக்கொண்டிருந்தபோது செவ்வந்தியே வந்து நின்றாள். துப்பட்டாவால் முகத்தை மூடியபடி, விளம்பரத்தில் போட்டது தன் முகம் என்றாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று முருகேஸ்வரி மன்னிப்புக்கு வார்த்தை தேடினாள்.

அவள் துப்பட்டாவை விலக்கினாள்.

கன்னம் நனைந்த பாலிதீன் பைபோல இருந்தது. அதற்குள் கடைவாய்ப் பல் வரிசை முழுக்கத் தெரிந்தது. பல்லிடுக்கில் காலையில் தின்ற இட்லித் துணுக்கு ஊறிக்கிடந்தது. அவள் எச்சிலை விழுங்க, அது நுரையோடு உருண்டு, கழுத்துக்குள் நத்தைபோல வழுக்கிக்கொண்டு இறங்கியது.

முருகேஸ்வரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். கண்ணை எடுக்கத்தான் முடியவில்லை.

"நேத்து டி.வி.ல என்னையப் பாத்ததுலருந்து இப்படித்தேன் ஆகுதுக்கா. ஆவணில கல்யாணம். அய்யா பாத்தா செத்துருவாரு. எப்படியாச்சும் என்னையத் திரும்பக் கொண்டாந்துரு, அக்கா."

முருகேஸ்வரி விளம்பர ஃபைலைத் திறந்தாள். செவ்வந்தியின் முகம்தானா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள். கடைசி ஃபிரேமுக்குப் போய், பூஜ்யத்திலிருந்து ஸ்லைடரை மேலே இழுத்தாள்.

ஈறு மறைந்தது. பாலாடை படிவதுபோல் கன்னத்தில் தோல் படிந்தது. நூறைத் தொட்டதும் எதிரே முழுசாக ஒரு பெண் நின்றாள்.

அப்பாடா என்று முருகேஸ்வரி மூச்சை இழுத்தாள்.

வாடை.

பாசி அழுகிய வாடை. வெயிலில் வற்றிய ஊருணியின் அடிச்சேறு. எதிரே நின்றவளின் கூந்தல் நுனியிலிருந்து பச்சைத் தண்ணீர் சொட்டியது. மூக்கிலிருந்து கூழாக ஏதோ வழிந்தது. அவள் அதைப் புறங்கையால் துடைத்து, நக்கிக்கொண்டாள்.

"முழுசா வந்துட்டனாக்கா?"

குரல் கட்டையாக இருந்தது.

"நீ... செவ்வந்திதானே?"

"வீட்ல இனிமே அப்படித்தேன் கூப்புடுவாக."

முகத்தை மூடிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். நின்ற இடத்தில் பச்சையாக ஒரு வழவழப்பு கிடந்தது.

முருகேஸ்வரி திரையைப் பார்த்தாள். நூறில் விட்ட ஸ்லைடர் பூஜ்யத்தில் நின்றது. முகம் இருந்த இடம் காலி. ஆனால் அந்த இடத்தில் மானிட்டர் கண்ணாடி மங்கியிருந்தது. துணியால் துடைத்தாள். போகவில்லை.

ஈரம் உள்பக்கம் இருந்தது.

அது விரிந்தது. சுருங்கியது. மூச்சு விடுவதுபோல மறுபடி விரிந்தது.

ஆவணி நெருங்கிவிட்டது. சின்னச்சாமி கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டுப் போனார். மகள் இப்போதெல்லாம் சொன்ன பேச்சு கேட்கிறாளாம், அவருக்கு அப்படியொரு சந்தோஷம். முருகேஸ்வரி அந்த ஃபைலை மூடவும் இல்லை, அழிக்கவும் இல்லை. இன்னொரு தடவை ஸ்லைடரை இழுத்தால் செவ்வந்தி வருவாளா, இல்லை வேறு யாராவது முந்திக்கொள்வார்களா? நீங்களாக இருந்தால் அந்த மவுஸைத் தொடுவீர்களா, சொல்லுங்களேன்?