எண் இல்லாத பதில்

கோவில்பட்டி மைதானத்தில் பன்னிரண்டாவது ஓவர் முடிந்ததும் கூட்டம் எழுந்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டது. ஆட்டம் பாதிதான் ஆகியிருந்தது. ஆனால் உள்ளூர் அணி ஜெயிக்க நூற்றுக்கு ஏழுதான் வாய்ப்பு என்று எல்லார் காதுக்குப் பின்னாலும் இருந்த வாய்ப்புணரி சொல்லிவிட்டது. சொல்லிவிட்டது என்பதைவிட, உணர்த்திவிட்டது. ஏழு என்றால் ஏழின் கனம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

காலியான மைதானத்தை ஆய்வக ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் டாக்டர் செண்பகவல்லி. அந்தக் கருவியைக் கண்டுபிடித்தவரே அவர்தான்.

எண் விஷயத்தில் மனித மூளை கொஞ்சம் அசடு. ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதற்கு நன்றாகத் தெரியும். ஆயிரத்தில் ஒன்றும் லட்சத்தில் ஒன்றும் அதற்கு ஒரே மாதிரிதான். அதனால்தான் விமானம் ஏற நடுங்கிய ஆசாமிகள், தலைக்கவசம் இல்லாமல் பைக்கில் பறந்தார்கள். இந்த மூளையோடு இருபது வருடம் மல்லுக்கட்டி, புளியங்கொட்டை அளவில் ஒரு கருவியைச் செய்தார் செண்பகவல்லி. எந்தக் காரியத்தை நினைத்தாலும் அதன் வாய்ப்பைப் பொதுத் தரவுக் களஞ்சியத்தில் தேடி எடுத்து, நரம்பில் கனமாக ஏற்றிவிடும். லாட்டரி ஒழிந்தது. போலி வைத்தியர்கள் கடையைக் கட்டினார்கள். சாலைச் சாவுகள் பாதியாகக் குறைந்தன. சும்மா சொல்லக்கூடாது, அந்த அம்மாள் காப்பாற்றிய உயிர்கள் ஏராளம்.

அவர் மட்டும் அதைப் பொருத்திக்கொள்ளவில்லை. சோதனையின் முடிவுகளை அளப்பவர் சோதனைக்கு உட்படக் கூடாது என்பது ஆய்வகத்தில் அவரே போட்ட சட்டம்.

அளந்துகொண்டே இருந்ததால் குறையும் அவர் கண்ணில்தான் முதலில் பட்டது. புதுக்கடை திறப்பவர்கள் வருடா வருடம் குறைந்தார்கள். காதலைச் சொல்ல வாய் திறப்பவர்கள் அருகிப்போனார்கள். தேர்தலில் ஜெயிக்கப்போகிறவரைத் தவிர யாரும் நிற்கவில்லை. வேறொருவராக இருந்தால் அந்தப் புள்ளிவிவரத்தை அமுக்கியிருப்பார். செண்பகவல்லி அதைத் தன் பெயரிலேயே வெளியிட்டார். ஒரு கிராமத்தில் ஓராண்டு வாய்ப்புணரிகளை அணைத்துவைத்தால் முயலும் ஆசை திரும்புமா என்று பார்க்க அனுமதியும் வாங்கினார்.

இணை ஆய்வாளரின் விரல்ரேகை மட்டும்தான் பாக்கி. அன்று மாலை ஐந்து மணிக்குள் பதியாவிட்டால் அனுமதி காலாவதி. இன்னொரு தடவை கேட்க யாருக்கும் தெம்பு இருக்காது.

இணை ஆய்வாளர் சுலைமான், முப்பது வருடமாகக் கூட உழைப்பவர். வாய்ப்புணரியை முதன்முதலில் பொருத்திக்கொண்ட தன்னார்வலரும் அவரே.

"நூத்துக்கு நாலு, டாக்டரம்மா," என்றார் அவர். "பழக்கத்தைத் திருப்பிப் போடுற ஆய்வுல நாலுதான் தேறுதுன்னு களஞ்சியம் சொல்லுது. வெரலத் தூக்கவே முடியல. ஒண்ணு செய்யுங்க. களஞ்சியத்துல நாப்பதுன்னு மாத்தி ஏத்திவிடுங்க. உங்க பேர்ல வந்தா கருவி நம்பிரும். நான் வெரல வச்சிருதேன்."

"என்ன பேச்சு பாய் பேசுதீங்க? எண்ணுல பொய் கலக்கவா இத்தன வருசம் இங்க உக்காந்திருக்கேன்?"

சத்தம் போட்டாரே தவிர, அவருக்கும் சபலம் தட்டியது. நாலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சைபர். ஊரே பிழைத்துவிடும். விசைப்பலகைமீது கை போய்விட்டுத் திரும்பியது. மனசு கேட்காமல், அந்த நாலு எங்கிருந்து வந்தது என்று தோண்டினார். புகைப்பழக்கத்தை விடும் ஆய்வு, சர்க்கரையை விடும் ஆய்வு, செல்போனை விடும் ஆய்வு.

"பாய், இதுல ஒண்ணாவது வாய்ப்புணரி வச்ச ஆளுங்ககிட்ட செஞ்சதா?"

"அது எப்படி? எல்லாம் கருவி வர்றதுக்கு முந்தி நடந்ததுல்லா."

"அப்போ இந்த நாலு நம்மளுது இல்ல. அடுத்த வீட்டு நாலு."

களஞ்சியத்தில் தம் ஆய்வுக்கு நேரே இருந்த எண்ணை அழித்தார். மழை வருமா என்று கேட்டால்கூடச் சதவீதத்தில் பதில் சொல்லும் மனுஷி, அந்த இடத்தில் ஒரே வார்த்தையை அடித்தார்: தெரியாது.

வாய்ப்புணரி தேடியது. ஏற்றுவதற்கு எண் எதுவும் கிடைக்காமல் அடங்கிப்போனது.

சுலைமானின் கை காதுக்குப் போனது. "கனமே இல்ல டாக்டரம்மா. நெஞ்சு படபடங்குது. கருவி கெட்டுப்போச்சா?"

"கருவி நல்லாத்தான் இருக்கு. எனக்குத் தெனமும் அப்படித்தான் இருக்கும்."

சுலைமான் அவர் பக்கம் திரும்பினார். "இதையா வச்சுக்கிட்டு இருபது வருசம் வேலை பாத்தீங்க?"

"அது இருந்ததாலதான் பாத்தேன். நீங்களும்தான் அப்போ கூட இருந்தீங்க. மறந்துட்டீங்க."

சுலைமான் விரலைத் திரையில் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. மணி ஐந்தாக இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.

"நம்ம ஆய்வு ஜெயிக்குமா டாக்டரம்மா?"

"தெரியாது பாய்."

சுலைமான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னொருக்கச் சொல்லுங்க," என்றார்.