டேப்பில் ஒரு வார்த்தை

ஆன்ஸ்லினுக்குப் பழைய கம்ப்யூட்டர் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். டிவியில் மாட்டி, கேசட் போட்டு விளையாடுகிற அந்தக் காலத்துப் பெட்டி ஒன்று குளச்சல் பக்கம் ஒரு வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டதுமே, மதியச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு நாகர்கோவிலிலிருந்து பைக்கைக் கிளப்பிவிட்டான். "இருட்டுகதுக்கு முன்ன வந்திரணும், கேட்டியளா?" என்று மனைவி ஷிஜி வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினாள்.

பெட்டிக்குச் சொந்தக்காரி பூங்கனி. அறுபதைத் தாண்டிய தனிக்கட்டை. பஹ்ரைனுக்குப் போன தம்பி ஜேசுதாஸ், இந்தக் கம்ப்யூட்டரையும் ஒரு கேசட்டையும் ஊருக்கு வந்த யாரிடமோ கொடுத்தனுப்பினான். அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

"பைசா ஒண்ணும் வேண்டாம் மக்கா. டேப்ரெக்கார்டரு ஓடல. அத மட்டும் ஓட வச்சிட்டு பெட்டிய எடுத்துட்டுப் போ."

கசக்குமா என்ன? ரெக்கார்டரின் ரப்பர் பெல்ட் இற்றுப்போயிருந்தது. பையிலிருந்து புதுசு எடுத்து மாட்டினான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அறையில் ஈரச் சுவர் வாடையும் அந்துருண்டை வாடையும் கலந்து அடித்தது.

"தம்பிக்கு ஒரு வார்த்த பேசு," என்றாள் பூங்கனி. "வீட்டுக்கு வந்த ஆளு பேசாம போவப்பிடாது."

அதில் அவனுக்கு ஆச்சரியம் இல்லை. கல்ஃபுக்குக் கடிதத்தைக் கேசட்டில் பேசி அனுப்பிய காலத்தில், பால்காரர்கூட ஒரு வார்த்தை பேசாமல் தப்ப முடியாது. பாவம், இவளுக்கு அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. அந்தக் கேசட்டில் கம்ப்யூட்டர் விளையாட்டு பதிந்தது போக மிச்சமிருந்த நாடாவில் அவள் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

"அண்ணே, நாகர்கோவில் ஆன்ஸ்லின் பேசுதேன். சொகமா இருக்கியளா? ஊருக்கு வந்தா நம்ம வீட்டுக்கும் வரணும்."

மரியாதைக்கு எல்லாரும் சொல்வதுதான்.

கேசட்டைத் திருப்பிச் சுற்றி, ரெக்கார்டரைக் கம்ப்யூட்டரில் இணைத்தான். நீளமாக ஒரு கீச்சொலி. திரையோரத்தில் நிறக் கோடுகள் துடித்து அடங்கின. கறுப்புத் திரையில் ஒரு வீடு எழுந்தது. அறை அறையாகச் சுற்றி, சாவியைத் தேடி, வாசலைக் கண்டுபிடித்துத் தப்ப வேண்டும். அதுதான் ஆட்டம். புள்ளிகளால் ஆன ஒரு மனிதன் இடது காலை இழுத்து இழுத்து நடந்தான். அந்தக் காலத்து ஆட்டம் இவ்வளவுதான் நடக்கும் என்று ஆன்ஸ்லின் சிரித்துக்கொண்டான்.

பூங்கனி சிரிக்கவில்லை. "அவன் நடையாக்கும். சின்னதுல தென்னையிலேருந்து விழுந்த காலு."

அடுத்த அறை. அலமாரி, டிவி, மேசை, இரண்டு நாற்காலி. ஒன்றில், மடியில் பையோடு ஓர் ஆள்.

ஆன்ஸ்லின் தன் மடியைப் பார்த்தான்.

பை.

விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டான். ஆனாலும் திரையில் அந்த மனிதன் நடந்தான். நாற்காலியில் இருந்தவனிடம் வந்து குனிந்தான். நிமிர்ந்தபோது அவன் கையில் சாவி இருந்தது.

ஆன்ஸ்லின் சட்டைப் பையைத் தடவினான். பைக் சாவி இல்லை.

வாசல் கதவு கிறீச்சிட்டது. டிவியில் இல்லை, வீட்டில்.

வெளியே அவனுடைய பைக் உறுமிக்கொண்டு கிளம்பியது.

அடித்துப் பிடித்து ஓடி, அறைக்கதவைத் திறந்து காலை வைத்தான். அலமாரி, டிவி, மேசை, இரண்டு நாற்காலி. எதிர்க்கதவைத் திறந்தான். அதே அறை. அதே அந்துருண்டை வாடை. அதே நாற்காலியில் பூங்கனி அழுதுகொண்டிருந்தாள்.

"மாமி, என்ன செஞ்சிய?"

"இந்தக் கேசட்டுலதான் கடைசியா சொன்னான் மக்கா. ‘ஒரு வீட்டுக்குள்ள கெடந்து சுத்துதேன் அக்கா, வேற வீட்டாளு யாராவது அவிய வீட்டுக்குக் கூப்பிட்டா வெளிய வந்திருவேன்’னு. நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுதான் மெஷினே கெட்டுது." அவள் குரல் உடைந்தது. "என்னைய ஒண்ணு திரும்பிப் பாக்காமலே போயிட்டானே!"

கோபப்படக்கூட ஆன்ஸ்லினுக்குத் தெம்பு இல்லை. மறுபடியும் கதவைத் திறக்க ஓடினான். எத்தனை கதவு திறந்தானோ தெரியாது. ஜன்னலில் வெளிச்சம் மங்கத் தொடங்கியபோதுதான் செல்போனில் சிக்னல் ஒரு கோடு காட்டியது.

"ஷிஜி, நான் இங்க மாட்டிக்கிட்டேன். ஆள அனுப்பு."

மறுமுனையில் சிரிப்பு. "முன்னறையில இருந்துட்டு என்னத்துக்கு போன்ல விளிக்கிய?"

"கதவத் தொறக்காத!"

"நான்தான அப்பமே தொறந்து விட்டேன்? அது கெடக்கட்டும், இடது காலுல என்ன பட்டுது? இழுத்து இழுத்துல்லா நடக்கிய."