நனைந்த சட்டைக்கை

வெள்ளவத்தைக் கிளினிக்குக்கு வந்த அரிசி வியாபாரி பலீல் ஹாஜியாரின் கைக்குட்டையில் இரத்தம். கூட வந்த மனைவி ஜவாஹிறா அழுது அழுது முகம் வீங்கியிருந்தார்.

“வலது மூக்கு அடைச்சே ஈக்கி, டொக்டர். கென்சரா ஈக்கலாம், மேல் தாடையையும் வெட்ட வருமெண்டு ஒருத்தர் சென்ன. அண்டையிலேந்து இவ ஒழுங்கா ஒரு வாய் சோறு தின்னல்ல” என்றார் பலீல், மனைவியைக் காட்டி.

டொக்டர் ஸும்றா நிதானமாகக் கமராவை மூக்குக்குள் விட்டார். சிவந்த கட்டி, மேலே வெண்புள்ளிகள், அடி ஒட்டியிருந்தது கீழ்ச் சுவரில். ஸ்கேனில் எலும்பு அரிபடவில்லை. உதவி டொக்டர் கிருபாகரனுக்கோ கை பரபரத்தது. வாசனை நரம்பில் வரும் அபூர்வப் புற்றுநோயைப் பற்றி நேற்றுத்தான் வாசித்திருந்தான்; அதை ஸும்றாவின் காதிலும் போட்டான். வாசித்த நோயெல்லாம் கண்ணில் படுகிற வயது!

“குளத்துல குளிக்கிற பழக்கம் ஈக்கா?” என்றார் ஸும்றா.

“சே! நெல்லுப் பார்க்கப் பொலன்னறுவைக்குப் போவேன். ஆனா குளிக்கிறது வீட்டு ஷவர்லதான்.”

கிருபாகரன் மனத்துக்குள் குளம் என்ற சந்தேக நபரை விடுதலை செய்தான்.

நண்பகல் தொழுகைக்கான ளுஹர் பாங்கு கேட்டது. பலீல் குழாயடிக்குப் போனார். தொழுதுவிட்டுத் திரும்பியபோது சட்டைக்கை நனைந்திருந்தது. மூக்கில் புது இரத்தம். ஸும்றா நனைந்த கையையும் மூக்கையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். கிருபாகரனுக்குக் கோபமே வந்தது. மனுசன் சாகப் பயந்து நிற்கிறார், இதில் என்ன சிரிப்பு?

“ஹாஜியார், பொலன்னறுவைல வுழூ எங்க எடுப்பீங்க?”

“வயலோரக் குளத்துல. எருமையும் கிடக்கும், ஓரமாப் பார்த்து எடுப்பேன்.”

“கேட்டீங்களா, கிருபா? தொழுறதுக்கு முந்தி வுழூ எடுக்கையில மூக்குக்கும் தண்ணி இழுத்துக் கழுவுவோம். அதை யாரும் குளிப்பெண்டு சொல்ல மாட்டாங்க. என்ட கேள்விதான் பிழை. குளத்துத் தண்ணில ஈக்கிற ஒரு கிருமி மூக்குக்குள்ள இப்படிக் கட்டியா வளரும். வெண்புள்ளியெல்லாம் அதுட வித்துப்பை. வாசனை நரம்பு ஈக்கிறது மூக்குக் கூரையில. இது முளைச்சது கீழ.”

“அப்ப கென்சர் இல்லையா?” ஜவாஹிறா கதிரையை முன்னே இழுத்தார்.

“துண்டெடுத்துப் பார்க்காம சத்தியம் பண்ண மாட்டேன்.”

அடுத்த கிழமை, வெட்டியெடுத்த துண்டை நுண்ணோக்கியில் கிருபாகரனே பார்த்தான். வட்டவட்டமாய் வித்துப்பைகள், புற்றுநோயோ மருந்துக்கும் இல்லை. அப்பாடா! தன் ஊகம் பிழையானதற்காக இவ்வளவு சந்தோசப்பட்டது அவனுக்கு அதுவே முதல் தடவை. படியிறங்கி ஓடினான்.

“கென்சர் இல்லை, ஹாஜியார்! கட்டியை வெட்டி அடியைச் சுட்டுவிடுவம். திரும்பி வராமல் பார்த்துக்கொள்ள வேணும், அவ்வளவுதான்.”

“அல்ஹம்துலில்லாஹ்!” பலீல் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

ஜவாஹிறா கண்ணைத் துடைத்தார். “இனிப் பொலன்னறுவைக்குப் போத்தல் தண்ணி கொண்டுபோங்க, சென்னேன்!” என்று கணவரை அதட்டிவிட்டுக் கிருபாகரன் பக்கம் திரும்பினார்.

“மகன், இங்க பக்கத்துல நல்ல சோத்துக் கடை எங்க ஈக்கி?”