இருநூற்றுப் பத்து மீட்டர்

சாம்பல் நிறக் கருவி, வீடு வந்துவிட்டது என்றது. மஞ்சள் நிறக் கருவி, இன்னும் இருநூற்றுப் பத்து மீட்டர் போக வேண்டும் என்றது.

கங்காதரன் வண்டியை அணைக்காமல் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். டாஷ்போர்டின் மேல் அருகருகே கிடந்தன. ஒவ்வொன்றும் சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. சின்னத் திரையில் ஓர் அம்புக்குறி, அதன் கீழே தூரம், அவ்வளவுதான். சாம்பலின் அம்பு நின்றுவிட்டது. மஞ்சளின் அம்பு மட்டும் இடது பக்கத்து இருட்டைக் காட்டியபடி லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

தொண்ணூற்றெட்டு நவம்பர், ஒரு திங்கட்கிழமை. மணி ஏழுகூட ஆகவில்லை. மழை விட்டு, தவளைகள் கத்த ஆரம்பித்திருந்தன.

நூம்பலைத் தாண்டி, நெல் விளைந்த பூமியில் கட்டிய புதுக் குடியிருப்பு அது. ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள். எல்லாவற்றுக்கும் வெளிர்மஞ்சள் சுவர், பழுப்பு கேட், இரண்டு படி. பாதி வீடுகளில் இன்னும் ஆள் குடிவரவில்லை. தெருவிளக்கு இல்லை, கதவு எண் எழுதவில்லை. குடிவந்த இரண்டு மாதத்தில் கங்காதரன் மூன்று முறை அடுத்தவன் வீட்டு கேட்டைத் திறந்து உள்ளே போய்விட்டான். மூன்றாவது முறை நாய் துரத்தியது. அதைக் கேட்டுத்தான் ஜேம்ஸ் வயிறு குலுங்கச் சிரித்தான். அம்பத்தூர் கம்பெனி ஸ்டோர்ஸில் இவனோடு வேலை பார்ப்பவன் ஜேம்ஸ். அவனுடைய அண்ணன் கப்பலில் இருக்கிறார். ஊர் வந்தபோது கொண்டுவந்த கருவிகள் இவை.

"ஒரு வாரம் ரெண்டையும் வண்டில வச்சி ஓட்டிப் பாரு மாமே. எது தோதுப்படுதோ அத நீ வச்சிக்க, இன்னொண்ண எங்கிட்ட குடுத்துடு. மேல சுத்துற சேட்டிலைட்ட பாத்து வழி சொல்லுது, நீயோ நானோ சொல்ற மாரி இல்ல."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜேம்ஸே வந்து, மொட்டை மாடியில் நின்று, இரண்டிலும் 'வீடு' என்ற இடத்தைக் குறித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

ஒரு நாள் இதை நம்புவது, ஒரு நாள் அதை நம்புவது என்று கங்காதரன் தீர்மானித்திருந்தான். இன்று சாம்பல். வண்டியை அணைத்து இறங்கினான். கேட்டுக்கு உள்ளே வடிவு துணியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா, இன்னிக்கு நேரா ஊட்டாண்ட வந்து நின்னுட்டே?" என்றாள். களைத்திருந்தாள். குழந்தை ராணி சீக்கிரமே தூங்கிவிட்டிருந்தது. மீந்த குழம்பைச் சுடவைத்துப் போட்டாள். தின்றுவிட்டுப் படுத்தான். விசேஷமாக எதுவும் நடக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மஞ்சளின் முறை.

குடியிருப்புக்குள் வரும்வரை இரண்டும் ஒரே திசையைத்தான் காட்டின. மூன்றாவது தெரு திரும்பியதும் பிரிந்தன. சாம்பல் நேராகப் போகச் சொன்னது. மஞ்சள் இடது பக்கம். இடது பக்கம் திரும்பினான். சக்கரத்தின் கீழே தார் போய் மண் வந்தது, மண் போய்ச் சேறு வந்தது, மழையில் ஊறிய சிமெண்டு வாசனை ஜன்னல் வழியாக ஏறி நாக்கில் மாவு மாதிரி படிந்தது. அப்புறம் வெளிர்மஞ்சள் சுவர், பழுப்பு கேட், இரண்டு படி. அம்பு நின்றது. வாசலில் வடிவு.

அவனைப் பார்த்ததும் ஓடிவந்து சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நேத்து எங்க பூட்டே? ராத்திரி பூரா வாசல்லயே ஒக்காந்துகினு இருந்தேன்."

கங்காதரன் சிரித்தான். "இன்னா வெளையாடுறியா? நேத்து எனக்குச் சோறு போட்டது யாரு?"

அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அழுது அழுது கண் வீங்கியிருந்தது. ராணி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது. உள்ளே வஞ்சிர மீன் வறுத்த மணம். நடந்ததை மேலும் கேட்கவும் பயந்து, கேட்காமல் இருக்கவும் பயந்து, அவன் மணையில் உட்கார்ந்தான். வடிவு பக்கத்திலேயே உட்கார்ந்து முள் எடுத்துப் போட்டாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிச் செய்ததில்லை.

விளக்கை அணைத்த பிறகு அவனுக்குத் தூக்கம் வரவில்லை. இவள் சொல்வது நிஜமென்றால் நேற்று யார் வீட்டில் படுத்திருந்தேன்? யார் பக்கத்தில்? மின்விசிறி சுற்றியது. ஓட்டின் மேல் மழை விழுவது போல ஒரு சத்தம் கேட்டது. அவன் வீட்டுக்கு ஓடு கிடையாது என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. தலையோடு போர்த்திக்கொண்டான். விடியும் முன்பே, மழை இருட்டில், வேலைக்குக் கிளம்பிவிட்டான். வடிவும் குழந்தையும் கேட்டில் நின்று கையாட்டினார்கள். ஐந்தரை மணிக்கு, தூக்கக் கலக்கமே இல்லாமல்.

ஜேம்ஸிடம் பாதியைத்தான் சொன்னான். ரெண்டும் வேற வேற இடத்தைக் காட்டுகிறது, அவ்வளவு.

"காட்டும் மாமே. சேட்டிலைட் உட்டவன் அமெரிக்காக்காரன். மத்தவனுக்குக் கரீட்டா காட்டக்கூடாதுன்னு அவனே கொஞ்சம் கொழப்பி உடறானாம். நூறு கஜம் முன்ன பின்ன ஆவும்."

"ஊடே முன்ன பின்ன ஆவுமா?"

ஜேம்ஸ் அவனை ஒரு மாதிரி பார்த்தான். "ஒடம்பு சரியில்லன்னா லீவு போட்டுட்டுப் போ."

அரை நாள் லீவு போட்டுவிட்டு மதியம் ஒரு மணிக்கே கிளம்பினான். மழை விட்டு வெயில் அடித்தது. பகலில் குடியிருப்பு அப்பாவியாக இருந்தது. ஒரு கிழவர் சைக்கிளில் கீரை விற்றுக்கொண்டு போனார். இரண்டு கருவிகளும் கடைசிவரை பிரியவில்லை. இரண்டு அம்புகளும் ஒரே கேட்டின் முன்னால் ஒன்றாக நின்றன.

வடிவு வாசலுக்கு வரவில்லை. உள் அறையில் ராணியைப் போர்வையில் சுற்றி மடியில் கிடத்தியிருந்தாள். அவனை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

"நேத்து ராத்திரி எங்க பூட்டே?"

அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான். "நேத்தா? திங்கக்கெழம இல்ல?"

"திங்கக்கெழம வந்து தின்னுட்டுப் படுத்தியே. நேத்துதான் வர்ல. பாப்பாவுக்கு ஒடம்பு நெருப்பா கொதிக்குது. ஒம்பது மணிக்கு மழையில ஆட்டோ புடிச்சுகினு பூந்தமல்லிக்குப் போயி ஊசி போட்டுகினு வந்தேன். நீ எங்க கீறேன்னு எனக்கு இன்னா தெரியும்."

குழந்தையின் நெற்றியைத் தொட்டான். கை சுட்டது. இது இங்கே கொதித்துக்கொண்டிருந்தபோது அவன் மீன் தின்றுகொண்டிருந்தான். யார் கையால்?

மாடிக்கு ஏறி இடது பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் வீடே இல்லை. எல்லைக்கல் நட்ட காலி மனைகள், முழங்கால் அளவு தண்ணீர், அதில் இரண்டு கொக்கு. சேற்றில் ஒரு வண்டியின் சக்கரத் தடம் உள்ளே போயிருந்தது. திரும்பியும் வந்திருந்தது.

அப்படியானால் மஞ்சள்தான் பொய். சாம்பல் நிஜம். அவ்வளவாவது தெரிந்துவிட்டது என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த மஞ்சள் சனியன் இன்னொரு ராத்திரி இந்த வீட்டில் இருக்கக்கூடாது.

"இத ஜேம்ஸாண்ட குடுத்துட்டு இருட்டறதுக்குள்ள வந்துடறேன்."

"பாப்பாவ இப்பிடிப் போட்டுட்டா?"

"ஒரு மணி நேரந்தான் வடிவு."

பாடியில் ஜேம்ஸ் வீட்டில் மஞ்சளைக் கொடுத்தபோது மணி நாலரை. திரும்பும்போது மேம்பாலத்தை ஒட்டி ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. மழை கொட்டியது. முன்னால் பஸ், பின்னால் பஸ், இரண்டு பக்கமும் டெம்போக்கள். ஹாரனில் கையை வைத்து அழுத்தினான். ஆயிரம் ஹாரன்களுக்கு நடுவே அது அவனுக்கே கேட்கவில்லை. ஐந்தரை. ஆறு. கண்ணாடிக்கு வெளியே வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்ததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை.

குடியிருப்புக்குள் நுழைந்தபோது ஏழரை. கரண்டும் போயிருந்தது. சாம்பலின் அம்பை மட்டும் பார்த்து ஓட்டினான். எண்பது மீட்டர். நாற்பது. பத்து. அம்பு நின்றது. வெளிர்மஞ்சள் சுவர், பழுப்பு கேட், இரண்டு படி. ஜன்னலில் மெழுகுவத்தி வெளிச்சம்.

கேட்டைத் திறந்தது ராணி. "அப்பா" என்று தாவி ஏறியது. நெற்றியில் கன்னத்தை வைத்துப் பார்த்தான். ஜில்லென்று இருந்தது. அழுத்திக்கொண்டிருந்த பாரமெல்லாம் அவன் தோளிலிருந்து இறங்கியது.

"ஜொரம் உட்டுப்போச்சா?"

"எல்லாம் சரியாப் பூட்ச்சி," என்றாள் வடிவு, அடுப்படியிலிருந்து. மதியத்துக் கோபம் குரலில் துளியும் இல்லை. "கை கழுவிகினு வா. சோறு ரெடியா கீது."

கூடத்தில் பாய் விரித்திருந்தது. உட்காரும் முன் ஜேம்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தான். ஒழுங்காக வந்து சேர்ந்தேன், சாம்பலை நானே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான்.

ஜேம்ஸ் அவனைப் பேசவே விடவில்லை. "எங்கடா கீறே? ஒம் பொண்டாட்டி இப்பதான் போன் பண்ணிச்சு. பாப்பாவுக்கு மறுபடி ஜொரம் ஏறுதாம், ஜன்னி மாரி பேத்துதாம். நீ இன்னும் வர்லன்னு அழுவுது."

கங்காதரன் திரும்பிப் பார்த்தான். ராணி மெழுகுவத்தி வெளிச்சத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, தட்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தது.

ஜேம்ஸ் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும்போதே துண்டித்தான். தன் வீட்டு எண்ணைச் சுழற்றினான். இந்த வீட்டு எண். இந்தப் போனின் எண். என்கேஜ்டு சத்தம்தான் வரவேண்டும். வரட்டும் என்று வேண்டிக்கொண்டான்.

மணி அடித்தது. அவன் கையில் இருந்த போனில் இல்லை. எங்கோ. ஒன்று. இரண்டு.

"அலோ?" வடிவு. அழுதுகொண்டிருந்தாள். பின்னால் குழந்தை அனத்துவது கேட்டது.

"வடிவு, நாந்தான்."

"எங்க கீறே நீ? பாப்பாவுக்குக் கண்ணு சொருகுது. நீ எங்க கீறே?"

எங்கே இருக்கிறான். அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். வெளியே இருட்டு. ஒரே இருட்டு. "தெர்ல," என்றான். "வடிவு, எனக்குத் தெர்ல."

"இரு, வண்டி சத்தம் கேக்குது." மூக்கை உறிஞ்சினாள். போனுக்குள் கேட் கிறீச்சிட்டது. செருப்புச் சத்தம். ஒரு படி. இன்னொரு படி. "ஐயோ, வந்துட்டியா," என்றாள், போனிடம் அல்ல. அப்புறம் மெதுவாக, "அப்ப போன்ல யாரு?"

"வடிவு. உள்ள உடாத. பாப்பாவத் தூக்கிகினு வெளிய ஓடு. வடிவு—"

ரிசீவர் கை மாறியது. யாரோ மூச்சு விட்டார்கள். நிதானமாக.

"அலோ. யாரு வேணும்?"

அவனுடைய குரல்.

கங்காதரன் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தான்.

"ராங் நம்பர்," என்று அந்தக் குரல் அங்கே யாருக்கோ சொன்னது. அன்பாகச் சொன்னது. "நீ பாப்பாவ எங்கிட்ட குடு வடிவு. நான் பாத்துக்கறேன்."

துண்டித்தது. திரும்பச் சுழற்றினான். எந்தச் சத்தமும் இல்லை. மறுபடி. இல்லை.

அவன் முதுகுக்குப் பின்னால் யாரோ கதவின் மேல் தாழ்ப்பாளைப் போட்டார்கள். பிறகு குனிந்து கீழ்த் தாழ்ப்பாள். சோற்றின் ஆவி கூடத்தில் பரவியது. அதன் அடியில் ஈரச் சிமெண்டு.

ராணி பாயில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் அவனுக்கு இடம் விட்டு, அந்த இடத்தை உள்ளங்கையால் மெல்லத் தட்டியது.