முப்பது முட்டையும் ஒரு பூசணிக்காயும்

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, ஹலோவீன் அன்று மத்தியானம், மொன்றியல் நகரம் முழுவதும் மழை அந்தரத்தில் நின்றது. ஓய்ந்தது என்று சொல்லவில்லை... நின்றது! பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து ஆற்றுக்கு அப்பால் லொங்குய்ய் வரைக்கும் ஒவ்வொரு துளியும் விழ மறந்து, கண்ணாடி மணிபோலத் தொங்கியது. பஸ்களின் வைப்பர்கள் துடைக்க ஒன்றுமில்லாமல் வெட்கப்பட்டன. இதற்கு நேரில் கண்ட சாட்சி வலன்ரைன். நம்பாத ஒரே ஆள் எலிசா. அவளோ அந்த நேரம் அவனுக்கு ஒரு சாண் தூரத்தில்தான் நின்றாள்!

மூன்றாம் மாடியிலிருந்து, பாம்பு சுருண்டதுபோல வெளியே வளைந்து கிடக்கும் இரும்புப் படியால் எலிசா இறங்கிக்கொண்டிருந்தாள். கையில் மூடிய பெட்டி. அதற்குள் கோதுக்கு மைக்கறுப்பாய்ச் சாயமேற்றி, மினுங்க மினுங்கத் துடைத்த முப்பது அவித்த முட்டை. சின்னப்பிள்ளைகளைப் பராமரிக்கும் கார்டெரியில் அவள் சேர்ந்து ஒரு மாதம். இன்றைய பார்ட்டி முடியத்தான் அவளைத் தொடர்ந்து வைத்திருப்பதா இல்லையா என்று சொல்வதாக அதை நடத்தும் மடாம் ஜினெட் சொல்லியிருந்தாள். பார்ட்டிக்குப் பேய் முட்டை எலிசாவின் பொறுப்பு.

கீழேயிருந்து ஒரு பூசணிக்காய் ஏறி வந்தது. லொறிச் சில்லு அளவு. அதற்கு இரண்டு கால்கள் இருந்தன.

டமார்!

பெட்டி பறந்தது. டொக்... டொக்... டொக்... என்று படிக்குப் படி குதித்துப் போய்க் கீழே குப்புற விழுந்தது.

"கண் தெரியாதோ?"

"எனக்குத் தெரியும். பூசணிக்காய்க்குத்தான் தெரியாது."

பூசணிக்காய் மெல்ல இறங்கியது. அதன் பின்னால் இரண்டு கண்கள் உதித்தன. கோபத்தில் அகன்றிருந்த அவளுடைய கண்களை அவை பார்த்தன... பார்த்தபடியே நின்றன.

"மழை நிண்டிட்டுது..." என்றான் அவன்.

"என்ர முட்டை உடைஞ்சிட்டுது!"

ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. முப்பது கோதிலும் வெடிப்பு. கண் நிரம்பிவிட்டது.

அதைக் கண்டு அவன் பதறிப்போனான். "ஐயோ, அழாதேங்கோ! இனித்தான் வடிவு வரும். உள்ளுக்குள்ள சிலந்தி வலை பின்னும், பாருங்கோவன்!"

"முட்டைக்குள்ளயோ?"

"ஓம். முப்பதுக்குள்ளயும்."

"நீங்கள் எந்த ஊர்ப் புளுகன்?"

இரண்டாம் மாடிக் கதவு திறந்தது. "அவன் என்ர தம்பியடி, எலிசா! லொங்குய்யில இருந்து புளுகிக்கொண்டே வந்திருப்பான்" என்றாள் றோசாக்கா. "நனையாமல் ரெண்டு பேரும் உள்ள வாங்கோ!"

"மழை நிண்டிட்டுது, அக்கா!"

"உனக்கு மண்டை நிண்டிட்டுது. வா!"

றோசாக்காவின் குசினியில் எலிசா ஒருத்தரையும் பார்க்கவில்லை. தன் வீட்டிலிருந்து எடுத்துவந்த மிச்சக் கறுப்புச் சாயத்தைச் சுடுதண்ணீரில் கவிழ்த்தாள். முட்டைகளை உள்ளே இறக்கினாள். வெடிப்புகள் மறையவேண்டும்... அவ்வளவுதான்.

"திரும்ப ஏன் சாயம்? உரிச்சால் வெள்ளையாய்த்தானே வரும்?" என்றான் வலன்ரைன்.

"ஏன் உரிக்கிறது? உயிர்த்த ஞாயிறுக்குக் கோயிலில கோதுக்குத்தானே சாயம் பூசுறம்?"

"அது கூடையில வைச்சு ஆசீர்வதிக்க. இது வாயில போடுற பார்ட்டிச் சாப்பாடு. பிள்ளையள் கோதோட கடிக்கிறதோ?"

எலிசாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரே கடியில் சாப்பிடுகிற மாதிரி என்றுதானே மடாம் சொன்னாள்... முட்டை, சாயம் என்றதும் தனக்குக் கோயில் கூடைதான் கண்ணுக்குள் வந்தது! ஆனால் அதை இந்தப் புளுகனிடம் ஒப்புக்கொள்வதா?

"கோதை ரசிச்சுப்போட்டுத்தான் உரிக்கிறது. உங்களுக்கு ரசனை இல்லை."

"ரசனை இல்லாமலோ படியில அப்பிடிப் பார்த்தனான்?"

"பூசணிக்காயைக் கட்டிப்பிடிச்ச ஆளுக்குப் பேச்சைப் பார்!"

சண்டை நீண்டது. தேத்தண்ணி ஆறியது. சட்டியை ஒருத்தரும் நினைக்கவில்லை. "கலியாணத்துக்கு முதலே இப்பிடியெண்டால்..." என்று றோசாக்கா ஆரம்பிக்க, இரண்டு பேரும் ஒன்றாய்ச் சிவந்தார்கள். அந்த வெட்கத்தை மறைக்கத்தான் எலிசா சட்டிக்குள் கையை விட்டு ஒரு முட்டையை எடுத்தாள். கோது வழுக்கிக் கழன்றது...

பால் வெள்ளையில், மயிரிழை மயிரிழையாய், சாம்பல் கறுப்பில் ஒரு சிலந்தி வலை! எந்தத் தூரிகையாலும் அப்படிக் கீற முடியாது. வெடிப்பெல்லாம் சாயம் குடித்து வலையாகியிருந்தது. இன்னொன்றை உரித்தாள். வேறொரு வலை. ஒன்றுபோல ஒன்றில்லை. ஊரிலுள்ள சிலந்திகளெல்லாம் வரிசையில் நின்று கற்றுக்கொண்டு போகலாம்!

வலன்ரைன் சிலுவை போட்டான். "சத்தியமாய் நான் சும்மாதான் சொன்னனான்..."

அவள் அவனைப் பார்த்தாள். முதன்முறையாக, கோபமில்லாமல்.

கறுப்பு ஒலிவ் காயைப் பிளந்து உடம்பு, மெல்லிசாய் நறுக்கிக் கால்கள். துருவிய கரட்டின்மேல் வலை முட்டைகள், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சிலந்தி. தட்டத்தை வலன்ரைன்தான் அடுத்த தெருக் கார்டெரிவரை சுமந்தான்.

பிள்ளைகள் கத்தவில்லை. பேய் வேஷமும் சூனியக்காரி வேஷமும் வாயைப் பிளந்தபடி நின்றன. மடாம் ஜினெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

"இதை யார் செய்தது?"

வலன்ரைன் எலிசாவைப் பார்த்தான். வேலை... வீம்பு... எது தள்ளியதோ தெரியாது.

"நான்தான். தனியச் செய்தனான்" என்றாள் எலிசா.

அவன் சிரித்தான். தட்டத்தை வைத்தான். சத்தமில்லாமல் மழைக்குள் போய்விட்டான்.

"நாளைக்கும் வா. என்றைக்கும் வா" என்றாள் மடாம். எலிசா கேட்கக் காத்திருந்த சொல் அதுதான். அது ஏன் இனிக்கவில்லை?

"ஆனால் எப்படி? என்ன மந்திரம்?"

எலிசா கதவைப் பார்த்தாள். "ஒரு பூசணிக்காய் வந்து மோதினது, மடாம். முப்பதையும் உடைச்சது அதுதான். வலை வருமெண்டு சொன்னதும் அதுதான். நான் தனியச் செய்யேல்லை!"

சொல்லிக்கொண்டே ஓடினாள்.

பார்க் மெத்ரோ நிலைய வாசலில் அவன் முதுகு தெரிந்தது.

"வலன்ரைன்!"

"குடையில்லாமல் ஏன் ஓடி வாறியள்?"

"நான் பொய் சொல்லிப்போட்டன். இப்ப மடாமிட்டத் திருத்திப்போட்டன்."

"புளுகிறது என்ர வேலையெல்லோ? அதையும் பறிக்கிறியளோ?"

அவள் சிரிக்கவில்லை. மூச்சு வாங்கியது. இமையில் ஒரு துளி விழாமல் நின்றது.

"முட்டைக்குள்ள வலை பின்னுமெண்டு சொன்னியள். நான் நம்பேல்லை. பின்னினது."

"ஓம்..."

"இன்னொண்டும் சொன்னியள்..."

"எது?"

"படியில... நீங்கள் பூசணிக்காயை இறக்கேக்குள்ள..."

அவன் ஒரு அடி கிட்ட வந்தான்.

எலிசா தலையைக் குனிந்தாள். பிறகு நிமிர்ந்து, அவன் கண்ணுக்குள்ளேயே பார்த்துச் சொன்னாள்.

"ஓம்... மழை நிண்டதுதான்."