வியாழக்கிழமை விசிட்

போகாத கடைக்குப் போனதாகக் கம்பெனி ஆப்பில் எழுதுவது பாண்டிச்செல்வத்துக்குப் புதிதல்ல. ஆனால் அன்று சாயங்காலம், அவன் எழுதாத விசிட் ஒன்று அவன் பெயரிலேயே ஏறியிருந்தது. 'பக்கீர் ஸ்டோர், மம்சாபுரம். நேரில் பார்த்தேன். டீ குடித்தோம். நன்றாகப் பேசினார்.'

கடைக்காரர் பக்கீர் முகமதுவை அடக்கம் செய்து ஒரு மாதம் ஆகிறது.

ஆபீஸில் எவனோ விளையாடுகிறான் என்று அதை அழித்தான். மனைவி பானுப்பிரியா ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். ராஜபாளையத்து வீட்டில் அவன் மட்டும். மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது, கரண்ட் இல்லை, ஈரக்காற்றில் சமையலறைக் கதவு அசைந்து அசைந்து நின்றது, அந்தக் காற்றோடு ஏலக்காய் தட்டிப் போட்ட டீயின் வாசனையும் வந்தது. காலையிலிருந்து அவன் அடுப்பே பற்றவைக்கவில்லை.

டீத்தூள் கம்பெனிக்குக் கடை கடையாக ஆர்டர் எடுக்கிற வேலை அவனுக்கு. எந்தக் கடை யாருடையது, அவருக்கு யார் என்ன உறவு, கம்பெனியோடு எவ்வளவு நெருக்கம் என்று எல்லாவற்றையும் ஆப்பில் பதிய வேண்டும். பக்கீர் பாய்க்கு நேரே 'குடும்பம் மாதிரி' என்று போட்டிருந்தான். மானேஜர் சதீஷ் அதை மீட்டிங்கில் வாசித்துக் கைதட்டச் சொன்னார். பாய் நிஜமாகவே அப்படித்தான் இருந்தார். மகளைக் கட்டிக்கொடுத்தபின் தனியாள். வியாழக்கிழமை என்றால் பாலைக் காய்ச்சி வைத்துக்கொண்டு, "வாங்க தம்பி, செத்த நேரம் உக்காந்துட்டுப் போங்க" என்பார். அந்தச் செத்த நேரம் இவனுக்குக் கசந்துபோனது. இந்தத் துரைக்கு நேரமில்லையாம். போவதை நிறுத்திவிட்டு, வாராவாரம் கட்டிலில் படுத்தபடியே அதே மூன்று வரியை ஒட்டிவந்தான். கடைசி வியாழக்கிழமையும் ஒட்டினான்.

சனிக்கிழமைதான் கடைக்குள் பாயைப் பார்த்தார்கள். பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால், இடுப்பு உடைந்து விழுந்து கிடந்தார். ஆள் வருவதற்காகத் தரையைத் தட்டித் தட்டி, கையிலிருந்த டீ கிளாஸின் அடி விரிசல் விட்டிருந்தது. விழுந்தது வியாழக்கிழமை, உயிர் போய் அதிக நேரம் ஆகவில்லை என்றார்கள்.

அடக்கத்தன்று மகள் ஹஃபீஸா இவனைத் தேடிவந்தாள். "அண்ணே, வியாழக்கிழமை நீங்க அத்தாவப் பாத்தீகளாமே. கம்பெனியில சொன்னாக. நல்லாப் பேசுனாகளா?"

"நல்லாத்தான் பேசுனாக, தங்கச்சி."

"அது போதும்ணே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதை நினைத்தால் இப்போதும் வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது.

ஆப் ஒளிர்ந்தது. புது விசிட்.

'பாண்டிச்செல்வம் வீடு, ராஜபாளையம். நேரில் பார்க்க வந்திருக்கிறேன். டீ போட்டாச்சு.' கீழே பதிந்தவர் பெயர்: பக்கீர் முகமது. உறவு: குடும்பம் மாதிரி.

டக்.

சமையலறையில். தரையில். கண்ணாடிச் சத்தம்.

டக். டக்.

போன் அடித்தது. ஹஃபீஸா.

"அண்ணே, தொந்தரவு பண்ணுதேன்னு நெனைக்காதீக. அத்தா கனவுல வாராக, ஒண்ணுமே பேச மாட்டேங்காக. அன்னைக்கு நெசமாவே பேசுனாகளா?"

நான் போகவே இல்லை, தங்கச்சி. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இவ்வளவுதான், சொல்லிவிட்டால் தீர்ந்தது. வெட்கம் விடவில்லை.

"பேசுனாகம்மா. நல்லாப் பேசுனாக."

தட்டுவது நின்றது.

"அண்ணே... ஒங்க பக்கத்துல யாரு பேசுதது?"

அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஏலக்காய் வாசனை மட்டும். கிட்டத்தில்.

"அத்தா?" அவள் குரல் உடைந்தது. "அத்தா, அம்புட்டு நேரமாவா தட்டுனீக? ஒருத்தருமே வரலையா?"

கீழே பார்க்கக்கூடாது என்று நினைத்தான். பார்த்தான்.

சமையலறை வாசலிலிருந்து தரையோடு தரையாக நீண்டுவந்த ஒரு வயதான கை, அடி விரிசல் விட்ட டீ கிளாஸை அவன் பாதத்தருகே அலுங்காமல் வைத்தது. ஆவி பறந்தது. கை திரும்பிப் போகவில்லை. அவன் எடுத்துக் குடிக்கட்டும் என்று அங்கேயே கிடந்தது.