பதினான்காவது நாற்காலி

இடது விலாவுக்குள் மூன்று நாளாக வலி. மூட்டை தூக்கி வளர்ந்த உடம்பு, வலிக்குப் பயந்ததில்லை. ஆனால் ஹெட்லி ஸ்காரோவுக்கு இது பிடிப்பு மாதிரித் தெரியவில்லை. உள்ளே எதையோ எடுத்துவிட்டு இடத்தைக் காலியாக விட்டதுபோல் இருந்தது.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு ஆபரேஷன் எங்கே நடந்தது என்று கேட்டார். ஒரு விலா எலும்பு இல்லை. ரெண்டு முனையிலும் ரம்பம் வைத்து அறுத்த மாதிரி நேரான வெட்டு. தோலில் தழும்பே கிடையாது.

"ஆதாமுக்குத்தான் விலா எலும்பு போச்சு," என்றாள் மனைவி டோரின். "எனக்குத் தெரியாம எவளையாவது செஞ்சு வச்சிருக்கீங்களா?"

அவன் கொல்லைப் பட்டறைக்குப் போனான்.

ஸ்கெல்பி மாளிகையின் சாப்பாட்டு அறையிலிருந்து அவன் வாங்கி வந்தவை பன்னிரண்டு மகோகனி நாற்காலிகள். இப்போது பட்டறையில் பதினான்கு. ஒவ்வொரு நாற்காலியிலிருந்தும் ஒரு பழைய பாகத்தைக் கழற்றி, அந்த இடத்தில் சாயம் ஏற்றிய புது மரத்தைச் சொருகி, கழற்றியதை வைத்து இன்னும் இரண்டு செய்திருந்தான். பழைய சாமான் வியாபாரத்தில் பலரும் செய்வதுதான். ஆனால் நாற்பது வருஷம் மண்டியிட்டு அவற்றைத் துடைத்த ஆக்னஸ் பெல் என்ற வேலைக்காரியிடம், பிரிக்கமாட்டேன் என்று கையடித்துக் கொடுத்திருந்தான்.

"செஞ்ச தச்சன் ஒரு சிராய் கூடப் பிரிய விடமாட்டான், தம்பி," என்றிருந்தாள் அவள்.

"ஏம்மா, அவன் செத்து இருநூறு வருஷம் இருக்குமே."

"இருக்கட்டும்."

மூன்று மணிக்கே நவம்பர் வெளிச்சம் மங்கி, ஜன்னல் வழியே வந்த கொஞ்சமும் நாற்காலிகளின் முதுகில் படிந்து கிடக்க, வஜ்ஜிரப் பசையும் தேன்மெழுகும் கலந்த பழகிய வாசனைக்கு அடியில், கசாப்புக் கடையில் எலும்பு அறுக்கும்போது எழும் ஈரமான வாடை வந்தது. ஏழாம் நாற்காலிக்கு அவன் சொருகிய முதுகுச் சட்டம் தரையில் கிடந்தது. பசைகூடச் சிதறாமல் யாரோ பக்குவமாய்க் கழற்றியிருந்தார்கள்.

ஆனால் நாற்காலியில் சட்டம் இருந்தது. வளைந்த சட்டம். மெருகேற்றியது. தொட்டான். சூடாக இருந்தது. அவன் மூச்சிழுத்தபோது அதுவும் லேசாக உயர்ந்தது.

சுத்தியலை எடுத்துப் பதினான்காவதை உடைத்தான். ஏழாவதிலிருந்து கழற்றி அதில் வைத்திருந்த பழைய சட்டத்தை உருவி, திரும்ப ஏழாவதில் பொருத்தப் பார்த்தான். நுழையவில்லை. இடம் நிரம்பிவிட்டது.

பின்னால் ஏதோ உருண்டது.

எட்டாம் நாற்காலிக்கு அவன் போட்ட புதுக் கால். தரையில். நாற்காலி சாயவில்லை. மூன்று காலில் நின்றது. காத்திருந்தது.

ரம்பச் சத்தம். அவசரமில்லாத, தொழில் தெரிந்த கை.

பட்டறையில் யாரும் இல்லை.

முழங்காலுக்குக் கீழே குளிர்ந்தது. குனிந்து பார்த்தான். பூட்ஸின் மேல் தூள் உதிர்ந்துகொண்டிருந்தது. மகோகனித் தூள் சிவப்பு. இது வெள்ளை.

எடுத்தது பன்னிரண்டு. ஒன்றைக் கொடுத்தாயிற்று. பாக்கி பதினொன்று.